முப்பது செகண்ட் தள்ளி

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, வியர்வை மட்டும். கம்பெனி பஸ் பெருங்களத்தூர் தாண்டவே அரை மணி. மறைமலை நகர் போய்ச் சேரும்போது ஷிப்டு ஆரம்பித்து ஐந்து நிமிஷம். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அதுவே திட்டினதுக்குச் சமம்.

செய்ய வேண்டியவை: கேஸ் புக்கிங். தண்ணீர் கேன். ஜாய்ஸ்டிக் இடது பக்கமாகவே இழுக்கிறது, பிரித்துத் துடைக்கணும்.

முந்தாநாள் கம்ப்யூட்டரில் விமான விளையாட்டு, பாலத்தைத் தகர்க்கிற மிஷன். நாலாவது தடவையும் செத்தேன். எதிரி பீரங்கி ஒன்றும் செய்யவில்லை. சேகர் போட்ட குண்டில்தான். கட்டின புருஷன் கையால் சாவு, அதுவும் நாலு தடவை.

எழுதினால்தான் மண்டையில் ஏறும். தாழப் பறந்து குண்டு போடுவது எப்படி என்றால்: இருநூறு அடி உயரம். மலைகளுக்கு நடுவே ஒளிந்து போகணும், ரேடார் கண்ணில் படக்கூடாது. அவ்வளவு தாழப் போனால் குண்டு விழும்போது விமானம் அதன் தலைக்கு மேலேயே இருக்கும். உடனே வெடித்தால் போட்டவருக்கே சங்கு. அதனால் வாலில் குடை மாதிரி விரிகிற குண்டு. குண்டு பின்தங்கும், போட்டவர் தப்பிப்பார். மாட்டுவது பின்னால் வருகிறவர். சிதறல் அடங்கும் வரை தள்ளி வரணும். முப்பது செகண்ட். சேகர் லீடர், நான் இரண்டாவது ஆள், அதாவது 'டூ'. அவனுக்கு எட்டே செகண்ட் பின்னால் போய் நின்றேன்.

"எத்தன தடவ சொல்றது டூ? முப்பதுன்னா முப்பது."

"த்ராட்டில் ஸ்டக் ஆயிடுச்சுடா."

பொய். வேகத்தைக் கூட்டினதே நான்தான்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் இடி, பத்து நிமிஷ மழை, சேலையூர் முழுக்கச் சேறு. மதியம் கட்டின டப்பா அப்படியே திரும்பி வந்தது. பசியில்லை.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். முப்பது செகண்ட் என்றால் ஏழு கிலோமீட்டர். திரையில் அவன் விமானம் புள்ளியாகக்கூடத் தெரியாது. எட்டு செகண்டில் போய் ஜூம் வைத்தால் இறக்கை தெரியும். திரும்புவதற்கு முன்னால் ஒரு சின்ன ஆட்டு ஆட்டுவான். பைக்கிலும் அதே பழக்கம். பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை முதுகில் குத்தியிருக்கிறேன்.

சேகர் மஸ்கட் போய் இரண்டு வருஷம். துறைமுகத்தில் கிரேன் மெயின்டனன்ஸ். நடுவில் ஒரே லீவ், இருபத்திரண்டு நாள். வீடியோ காலில் முகம் தெரியும், சரி. பேச்சு என்ன? கேஸ் வந்ததா, மோட்டார் ஓடுதா, அம்மாவுக்கு போன் பண்ணியா. அப்புறம் இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்போம். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் விளையாட உட்கார்ந்த பிறகுதான் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்தது. அவனுக்கு வெள்ளி சனி லீவ். அதனால் சனிக்கிழமை நாலு மணி எங்களுடையது.

ஜூலை 9, புதன்

சேகரிடமிருந்து போன் வந்தது. காண்ட்ராக்ட் இந்த மாசத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேட்கிறார்களாம்.

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி சொல்லணும். நீ என்ன சொல்ற வனி?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா?"

"உன் வேலை, நீதான பாக்கணும். எனக்கு இங்க ஒண்ணும் இல்ல, பழகிடுச்சு."

பழகிடுச்சாம்! வாயில் சனி. போனை வைத்துவிட்டு அரை மணி பாத்ரூமில் அழுதேன். பாலிடெக்னிக்கில் ஒரே கிளாஸ், அன்றிலிருந்து வாடா போடா, மாமியார் முன்னால் மட்டும் வாங்க போங்க. எதை வேண்டுமானாலும் சொல்வேன். 'வா' என்று மட்டும் சொன்னதே கிடையாது. சொல்லி, அவன் வராமல் போனால்?

சனிக்கிழமை சொல்லிவிடணும். போனில் வேண்டாம், கேஸுக்கும் மோட்டாருக்கும் நடுவில் அது அடிபட்டுப் போகும். பறக்கும்போது சொல்கிறேன். ஞாயிறு வரை நேரம் இருக்கே.

ஜூலை 10, வியாழன்

மோட்டார் போடப் போனபோது ஹவுஸ் ஓனர் சரோஜா அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா, சனிக்கெயம ஆனா உன் வூட்ல போடு போடுன்னு ஒரே சத்தம். யார போடற?"

"பாலத்த போடறேன்க்கா. கம்ப்யூட்டர்ல. அவரும் அங்கேர்ந்து ஆடுவாரு."

"அதுக்கு நேர்ல வந்து ஆடச் சொல்லு. அடுத்த வாரம் ஆடி பொறக்குது. புதுசா கட்டிக்கினதுங்களயே ஒரு மாசந்தான் பிரிச்சி வெப்பாங்க. உனுக்கு வருசம் முச்சூடும் ஆடியா கீது!"

சிரித்தேன். மேலே வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பயிற்சி, தனியாக. கம்ப்யூட்டரே லீடர். வேகம் 450 நாட், மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். உயரம் 200, ஒரு தடவை 150, மரத்தில் உரசிப் பிழைத்தேன். இடைவெளி: 30, 31, 30, 30. ஒரு சிரமமும் இல்லை. முன்னால் போகிறவனைப் பார்க்கணும் என்று தோன்றினால்தானே.

ஜூலை 11, வெள்ளி

முதல் ஷிப்டு. முடித்து நேராகப் பல்லாவரம் சந்தை. வெயில் மண்டையைப் பிளந்தது. துடைத்தும் ஜாய்ஸ்டிக் சரியாகவில்லை, பழசு ஒன்று தேடினேன். கீபோர்டு, மிக்ஸி மூடி, கை உடைந்த பொம்மை, எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கிடந்தது.

"பையனுக்கா மேடம்?"

"எனக்கு."

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "நீயே ப்ளேன் ஓட்டுவியா? அப்ப பஸ்ஸுல இன்னாத்துக்கு வந்த?"

நன்றாகத்தான் கேட்டார். ஓட்டத் தெரிந்து என்ன, மஸ்கட் வரை போக முடிகிறதா. கூட மூணு முழம் மல்லி வாங்கினேன். யார் பார்க்க என்று தெரியவில்லை, வாங்கினேன்.

ஜூலை 12, சனி

பாலம் விழுந்தது.

வரிசையாக எழுதுகிறேன். சந்தையில் வாங்கின ஜாய்ஸ்டிக் சொன்னபடி கேட்டது. இருநூறு அடி. அவன் பள்ளத்தாக்கில் இறங்கினான். மனசுக்குள் முப்பது எண்ணினேன். எதிரே வெறும் மலை, வெறும் ஆறு. அவன் எங்கேயும் இல்லை. வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கை ஊறியது, கூட்டவில்லை. தூரத்தில் புகை எழுந்து அடங்கியது. அதன் மேல் போய் என் குண்டையும் போட்டேன். பாதிப் பாலம் அவனுடையது, மீதி என்னுடையது.

"டூ! போட்டுட்டோம்டீ!" ஹெட்செட் கிழியக் கத்தினான். அப்புறம் குரல் இறங்கி, "நடுவுல ஒரு தடவ திரும்பிப் பாத்தேன். நீ இல்ல. ஒரு மாதிரி ஆயிடுச்சு. எப்பவும் பின்னாலயே இருப்ப."

"உன்ன பாக்கத்தான்டா கிட்ட வந்தேன். நாலு தடவையும்."

இனிமேல் இடைவெளி தேவையில்லை, பக்கத்தில் வந்துகொள் என்றான். இறக்கைக்கு இறக்கை போய் ஒட்டினேன். கீழே கடல். சொன்னேன்.

"சேகர், கையெழுத்து போடாத. வந்துடு."

"வியாழக்கிழமையே போட்டுட்டேன் வனி. வெள்ளி சனி ஆபீஸ் ஏது? நீ பழகிடுச்சுன்ன."

அவனுக்கு வெள்ளி சனி லீவ் என்பதால்தானே சனிக்கிழமையே பறக்கிறோம். வாரா வாரம் பறக்கிறேன், அது தோன்றவில்லை பார். ஞாயிறு வரை நேரம் இருக்கிறதாம்.

இரண்டு பேருமே தரையிறக்கவில்லை. பெட்ரோல் தீரும் வரை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் போனோம்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி துவைக்கவில்லை. ஒன்பது மணிக்கே போன், ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு.

"உள்ள போய் கேக்கப் போறேன். மாத்த முடியாதுன்னுதான் சொல்லுவாங்க. நேத்து சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

"வந்துடுடா."

"இன்னொரு தடவ."

சொன்னேன். கையெழுத்துப் போட்ட பிறகும் சொல்லலாம்தானே.