தூரத்தில் வெடித்த குண்டு

அன்புள்ள தர்சினிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி எப்படி? அம்மா மருந்தை நேரத்துக்கு எடுக்கிறாவா? போனில் சொன்னால் பதறுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன கிழமை எங்கள் பிரெஸ்ட் துறைமுகத்தில் மண் தோண்டும்போது ஒரு குண்டு அகப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர் பிரான்சைப் பிடித்து இங்கே நீர்மூழ்கிக் கப்பல்களை நிறுத்தியிருந்தபோது, ஆங்கிலேயர் விமானத்திலிருந்து போட்டதாம். எங்களையெல்லாம் ஒரு விளையாட்டு மண்டபத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். நான் அரிசி, சட்டி, போர்வை எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். எல்லோருக்கும் சிரிப்பு.

குண்டைக் கடலுக்குள் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்தியவர்கள் இரண்டு பேர்தான்: நானும், பக்கத்து வீட்டு இவோன் ஐயாவும். அந்தப் போர்க்காலத்தில் அவர் இந்த ஊரில் சின்னப்பிள்ளை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்பிடாதேங்கோ ஐயா, தூரத்திலதான்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். விளங்கியதுபோல் தலையாட்டினார்.

எங்கள் ஊர்ச் சண்டையில் இடம்பெயர்ந்து மல்லாவிப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நீ என்னோடு முதன்முதல் பேசியதும் இதே வார்த்தைகள்தான். நினைவிருக்கிறதா? அந்த நாட்களை யாராவது ஆசையோடு நினைப்பார்களா? நான் நினைக்கிறேன். குண்டு வெடித்த அன்று இந்த மண்டபம் முழுக்க என் கண் உன்னைத்தான் தேடியது.

மிளகாய்த்தூள் இடித்து அனுப்பு. உறைப்புக் குறைத்து இன்னொரு பொதியும் கட்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இவோன் ஐயா என்னோடு சாப்பிட வருகிறார்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன்,
விமலன்