இருட்டான வீட்டைத் தாண்டிப் போவார்கள்

இதை யார் எடுத்து வாசித்தாலும் தயவுசெய்து அப்பாவிடம் காட்டாதீர்கள். வேறு யாரிடமும் காட்டாதீர்கள். இது என் அம்மாவுக்கு எழுதுவது.

அம்மா, பரணிலிருந்து கிறிஸ்மஸ் ஸ்டாரை எடுத்துவிட்டேன். அதைச் சுற்றி வைத்திருந்த உன் பழைய சால்வையை விரித்ததும் பூண்டு வாசமும் அடுப்புப் புகை வாசமுமாக நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுகைச் சத்தம் வெளியே கேட்காமலிருக்கச் சால்வையை வாயில் வைத்துக்கொண்டேன். அடுத்த அறையில் அப்பா தூங்குகிறார்.

இன்றைக்கு நம் சபையார் வீடு வீடாகக் கேரல் பாடி வருகிற ராத்திரி. "இந்த வருசம் நம்ம வீட்ல ஸ்டார் கெடையாது. லைட்டும் போடக் கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். இருட்டாகக் கிடக்கிற வீட்டை அவர்கள் தட்டுவதில்லை. மனசில்லாத வீடு என்று பேசாமல் தாண்டிப் போவார்கள். போன வருஷம் நீ கடுங்காப்பி போட்டு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாய்.

நீ போன பிறகு அப்பா கோயிலுக்குப் போகவில்லை. வராதவர் வீட்டுக்கு ஆராதனை முடிந்ததும் போய்ப் பார்க்கிற வழக்கப்படி, முதல் ஞாயிறே ஞானம் மாமா வந்து கதவைத் தட்டினார்.

"என்ன மச்சான், ஒடம்புக்கு முடியலயா?"

அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். "அத்தன பேரும் சுத்தி நின்னு ஜெபம் பண்ணீங்களே, என்னத்தக் கண்டோம்? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

மாமா கொண்டுவந்த கேரட் பையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதோடு யாரும் வரவில்லை.

இப்போது எங்களுக்கு ஆராதனை போனில்தான். யாரோ ஒரு பெரிய போதகர், நன்றாகத்தான் பேசுகிறார். மேகம் இறங்கினால் டவர் போய்விடும். வாயைத் திறந்தபடியே நின்றுவிடுவார். அந்நேரம் கீழே நம் கோயிலில் பாடுவது கேட்கும். அப்பா அசையாத போனையே பார்த்துக்கொண்டிருப்பார்.

முன்பு ஒரு ஞாயிறு குளிரில் எழுந்திருக்கச் சோம்பல்பட்டு உன்னிடம் கேட்டேன், "ஏம்மா, வீட்லயே ஜெபம் பண்ணாக் கேக்க மாட்டாராக்கும்?" என் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாய்: "அவருக்குக் கேக்கும் புள்ள. பக்கத்துல ஒக்காந்திருக்கவ இருமுறது ஒனக்குக் கேக்காதே." அப்புறம் நீயே சிரித்தாய். "ஞானம் பாடுனாக் காட்டுமாடும் ஓடிரும். ஆனா அவன் ஒருநாள் வரலைன்னா பாட்டுல ஓட்ட தெரியும். வெரசாக் கெளம்பு."

உன் இருமலை முதலில் கவனித்தது கோயில் பாயில் உன் பக்கத்தில் உட்காரும் ராணி அத்தைதான். நாங்கள் பனியால் என்று இருந்துவிட்டோம். மண் சரிந்து ரோடு அடைத்த அன்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஜீப் நின்ற இடம்வரை போர்வையில் உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார்களே. ஒரு முனை அப்பா கையில். மற்ற முனைகள் யார் கையில் இருந்தன? அவர் மறந்துவிட்டாரா, நினைக்கப் பயப்படுகிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

நீ திரும்பி வரவில்லை. எனக்கும் ஆண்டவர்மேல் கோபம்தான் அம்மா. ஆனால் அந்தக் கோபத்தை நான் யார் பக்கத்தில் உட்கார்ந்து அழுது சொல்வேன்? போனிலிருக்கும் போதகருக்கு என்னைத் தெரியாது.

பள்ளிக்கூடம் போகிற வழியில் ராணி அத்தை காதோடு சொன்னாள், "ஒங்கம்மா எடத்துல யாரும் ஒக்காரல. ஒன் எடமும் அப்பிடியேதான் கெடக்கு." அன்றிலிருந்து எங்கே போனாலும் அந்தப் பாயின் இரண்டு வெற்றிடங்களையும் சுமந்துகொண்டு திரிகிறேன்.

ஸ்டாரை ஜன்னல் கம்பியில் வெளியே பார்க்கக் கட்டிவிட்டேன். அப்பா பார்த்தால் அடிப்பார். பாட வருகிறவர்களையும் திட்டி அனுப்பிவிடுவார். அது பயமாக இருக்கிறது. அவர்கள் தாண்டிப் போய்விட்டால் இனி எப்போதுமே நம் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

ராணி அத்தை வீட்டில் பாட்டு முடிந்துவிட்டது. ஞானம் மாமா குரல் தனியாகக் கேட்டது, எல்லாரும் நிறுத்திய பிறகும்.

சுவிட்சைப் போட்டுவிட்டேன். ஸ்டார் வெளிச்சத்தில் இந்தத் தாளெல்லாம் சிவப்பாகிவிட்டது. படியில் காலடிச் சத்தம். அப்பாவின் கட்டில் அசைகிறது.

அம்மா, தட்டுகிறார்கள். அப்பாவுக்கு முன்னால் நான்