அண்ணி, அது தண்ணி

எதிலும் எனக்கு முன்னால் போய் நிற்கிற என் அண்ணிக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. போய்ச் சேர்ந்தவர்களிடம் அதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. இங்கே நாங்கள் நலம். உங்கள் தம்பி, என் புருஷன், ஜெயிலிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மேல்முறையீட்டில் அவர் மீது குற்றமே இல்லை என்று சொல்லி விடுதலை செய்துவிட்டார்கள். இது உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருங்கள். இந்த ஒரு செய்தியையாவது நான் முதலில் சொன்னதாக இருக்கட்டும்.

உங்கள் மேல் எனக்குப் பொறாமை, அண்ணி. நீங்கள் இருந்தபோதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் உங்கள் பேச்சை எடுத்தாலே ஜனங்களுக்குக் கண் கலங்குகிறது. எனக்கும் கலங்குகிறது. கலங்கும்போதே வயிறும் எரிகிறது.

ஜெயிலில் ஆளைப் பார்க்கப் போவதற்கு மனு என்று பெயர். மனு போட்டுக் காத்திருந்து உள்ளே போனால் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர். இரண்டு பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருப்பார்கள். வாரம் முழுக்க அவரிடம் சொல்ல வேண்டியதை நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருப்பேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவேன். அவரோ என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா வந்துக்கிறாளா?" என்பார். நீங்கள் உடனே முன்னால் வந்துவிடுவீர்கள்.

"துன்னியாடா?"

"துன்னேன்கா. நாஷ்டா கட எப்டி போவுது?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ ஒடம்ப பாரு."

அவ்வளவுதான், நேரம் முடிந்துவிடும். தொழிற்பேட்டை வாசலில் டிபன் தள்ளுவண்டி போட்டு லாரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் உங்களுடையது. அந்த இரைச்சலில் அது மட்டும்தான் அவருக்குக் கேட்டது. பேக்கிங் செக்‌ஷனில் வாயைத் திறக்காமல் வேலை செய்கிறவள் நான். என் குரலுக்கு நான் எங்கே போவேன்?

வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உருக்காலையில் என் புருஷன் ராஜேந்திரனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எவரைப் பார்த்தாலும் "இன்னா நைனா" என்பதால் அவருக்கே நைனா என்று பேர் வந்துவிட்டது. அங்கே வேலை செய்த சீனு என்ற ஆந்திரப் பையனை யாரோ தலையில் அடித்துப் போட்டுவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. உயிர் போகிற நேரத்தில் பக்கத்தில் இருந்தவர் ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷ் ஒருவர்தான். சீனு கடைசியாக "நைனா" என்றான் என்று அவர் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். ஸ்டேஷனில் தமிழில் எழுதியபோது அது "நைனா அடித்தான்" என்று ஆனது. அதற்கு முந்தைய வாரம் ஷிப்ட் மாற்றுவதில் சீனுவுக்கும் இவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

எழுதியதை பிகாஷுக்கு அவர் மொழியில் யாரும் படித்துக் காட்டவில்லை. கோர்ட்டில் கேட்டபோதும் புரிந்தும் புரியாமலும் தலையை ஆட்டிவிட்டார். என் புருஷனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் நீங்கள் பிகாஷைத் தேடிப் போனீர்கள். அவர் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார். வண்டியில் சாப்பிட வரும் வடக்கத்திப் பையன்கள் ஒவ்வொருவரிடமும் விசாரித்துக் கண்டுபிடித்தீர்கள். "அவன் வாயில இன்னா வந்துச்சோ அத்த மட்டும் சொல்லு" என்று, தமிழ் தெரிந்த ஒரு பையனை வைத்துக் கேட்டீர்களாம். அவரும் அர்த்தம் தெரியாமல் அந்தச் சத்தத்தை அப்படியே ஒப்பித்தார். "நைனா நீலு, நைனா நீலு. அவ்ளோதான் சொன்னான். அடிச்சான்னு சொல்லல."

நீங்கள் நீலு என்பவள் யாரோ ஒரு பெண் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவள் கிடைத்தால் தம்பி வெளியே வந்துவிடுவான் என்று ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய் நீலு, நீலு என்று கேட்டீர்கள். ஒரு சாயங்காலம் வண்டிப் பாத்திரங்களை நாம் சேர்ந்து கழுவிக்கொண்டிருந்தபோது அலுத்துப்போய் இதை என்னிடம் சொன்னீர்கள்.

"அண்ணி, அது தண்ணி" என்றேன்.

நான் ஆர்.கே.பேட்டைக்காரி. எங்கள் வீட்டில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். வயலிலிருந்து அப்பா வரும்போது, தாகம் எடுத்தால் அவரிடம் நான் அப்படித்தான் கேட்பேன். நைனா, நீள்ளு. அந்தப் பையன் யார் பேரையும் சொல்லவில்லை. அப்பாவைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டிருக்கிறான்.

நீங்கள் கழுவிய பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். நானும் அழுதேன். அந்த வாரம் மனுவில் நீங்கள் எனக்கு முன்னால் நின்று அதே பெரிய குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். அவர் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நீதான்கா என்ன காப்பாத்தின" என்றார். நான் உங்களை ஒட்டித்தான் நின்றிருந்தேன். அது என் வீட்டு வார்த்தை, அண்ணி. என் அப்பாவின் வார்த்தை. நான்தான் என்று அங்கே சொல்லியிருந்தால் அற்பமாக இருந்திருக்கும். அதனால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

பிகாஷை மறுபடி விசாரிக்கச் சொல்லி வக்கீல் மேல்முறையீட்டுக் கோர்ட்டில் மனு கொடுத்தார். அந்த மனு நிலுவையில் இருந்தபோதே நீங்கள் வண்டியடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? உங்களை எடுக்கும் நாளில் போலீஸ் காவலோடு அவரைக் கூட்டி வந்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு நடுவில் வலை இல்லாமல் என் புருஷன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தார். அவர் உங்கள் காலைப் பிடித்தவர் விடவே இல்லை. நான் கொடுத்த காபியை வாங்கிக் கீழே வைத்தார். திரும்பிப் போகும்போது வேனில் ஏறியும் வீட்டைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. செத்துக் கிடந்த உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

பிகாஷை விசாரித்த அன்று ஒடியா தெரிந்த மொழிபெயர்ப்பாளர் இருந்தார். சீனுவின் அப்பாவும் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். பிகாஷ் அதே சத்தத்தைக் கோர்ட்டில் மறுபடி சொன்னபோது, அர்த்தம் சொல்ல அங்கே ஆளே தேவைப்படவில்லை. அந்தப் பெரியவர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் அதைக் குடிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்களாக இருந்தால் அவரிடம் என்ன பேசியிருப்பீர்கள்?

இப்போது உங்கள் வேலையை நான் செய்கிறேன். மனுவுக்கு வருகிற பெண்களை மரத்தடியில் உட்கார வைத்து, "உங்க ஊட்டு கேஸ்ல இன்னா எழுதிக்கிறான், படிச்சியா?" என்று கேட்க ஆரம்பித்தது நீங்கள்தான். இன்று நாங்கள் கூட்டம் போடுகிறோம், அதிகாரிகளிடம் போகிறோம். வாக்குமூலம் சொன்னவருக்கு அவருடைய மொழியிலேயே அதைப் படித்துக் காட்ட வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். விண்ணப்பம் எழுதுவது நான். மைக் பிடிப்பது நான். வாய் திறக்காதவள் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. ஆனால் எங்களை எல்லாரும் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? அண்ணி சங்கம். மாற்றச் சொல்லிப் பார்த்தேன், ஒருத்தியும் கேட்கவில்லை.

அவர் வந்த பிறகு அதிகம் பேசுவதில்லை. கதவு சாத்தினால் எழுந்து போய்த் திறந்துவிடுகிறார். உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்தால் மட்டும் முகம் இளகுகிறது. நான் மைக்கில் பேசிச் சம்பாதித்த பேரெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியிருந்தது அவருடைய ஒரு வார்த்தை. ஊர் கொடுக்கிற பேர் எனக்கு எதற்கு?

போன வாரம் திருநின்றவூரில் ஒரு சர்ச் ஹாலில் கூட்டம். முதல் முறையாக அவரும் வருகிறேன் என்றார். கதவோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வழக்கம்போல உங்கள் கதையைச் சொன்னேன். எங்கள் அண்ணிதான் கண்டுபிடித்தார் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "நீலுன்னா தண்ணின்னு யாருக்கா சொன்னது?" என்று கேட்டாள்.

எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். யாரும் இதைக் கேட்டதில்லை. "நான்தான்" என்றேன். "எங்க நைனாகிட்ட நான் அப்டித்தான் தண்ணி கேப்பேன்." பெரிய விஷயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

சென்ட்ரலில் மாறி கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்த பிறகு அவராகவே வாயைத் திறந்தார்.

"எப்ப சொல்லுவ, எப்ப சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"இன்னாத்த?"

"நீலு."

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அக்கா சொன்னா. நீ ஜொரத்துல படுத்துக்கினு மனுக்கு வரல பாரு, அன்னிக்கி. 'நான் நீலுன்னு எவளையோ தேடிக்கினு பைத்தியமா சுத்தினேன்டா, ஒம் பொண்டாட்டிதான் தண்ணின்னு சொன்னா. போன வாட்டி நான்தான் காப்பாத்தினேன்னு நீ சொன்னதும் அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவளா வாயத் தொறந்து சொல்லட்டும், அது வரிக்கும் நீயா கேக்காத. கேட்டா நான் சொல்லிக் குட்த்த மாதிரி பூடும்'னா."

"ஊட்டுக்கு வந்தப்பறமாவது கேட்டிருக்கலாம் இல்ல?"

"அவகிட்ட சரின்னு சொன்னேனே. இப்ப போய் யாராண்ட மாத்திச் சொல்றது?"

அப்புறம் அவ்வளவு ஜனம் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டார். பொன்னேரி தாண்டியும் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலேயே பழைய எரிச்சலும் வந்துவிட்டது. என் முகம் சுருங்கியதைக்கூட அவர் பார்க்கவில்லை, நீங்கள்தான் பார்த்திருக்கிறீர்கள். என் புருஷன் என் கையைப் பிடிப்பதையும் நீங்களே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனீர்களா, அண்ணி? எனக்கென்று ஒன்றை விட்டுவைக்கவே மாட்டீர்களா?

சரி, ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அவருக்கு முடி முழுக்க நரைக்கும், பல் விழும், காது மந்தமாகும், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார். அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறவள் நான். அவருக்கு ஒரு வேளைச் சோறு தவறாது, ஒரு கதவும் சாத்தியிருக்காது. இது சத்தியம். இதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

இப்படிக்கு,
முதலில் ராஜேந்திரனின் மனைவி,
அதற்கு அப்புறம்தான் உங்கள் தம்பி பெண்டாட்டி,
தேவகி