சேகர் மாமாவை எனக்குத் தெரியாது

ஆகஸ்ட் 23, சனி

காலையிலிருந்து மழை. பிஜே வாடகை அறையில் துவைத்த துணி எதுவும் காயவில்லை. தலைவலி, மாத்திரை இரண்டு. மணிக்கட்டில் கிளப் முத்திரை, நீல நட்சத்திரம். சோப்பு, ஷாம்பு, தேங்காய் எண்ணெய், எதற்கும் மசியவில்லை.

நேற்று முதல் தடவையாக நைட் கிளப். ஆபீஸ் மேய் லிங்கின் பிறந்த நாள். அவள், டேனியல், அக்கவுண்ட்ஸ் பெண்கள் இரண்டு பேர், நான். மே.லி. இரவல் கொடுத்த கறுப்புக் கவுன். அம்மாவிடம் "ஆபீஸ் டின்னர்".

உள்ளே: இருட்டு, குளிர், சென்ட் வாசனை. கொட்டிய பானத்தில் செருப்பு ஒட்டும் தரை. பாட்டுச் சத்தம் காதில் இல்லை, நெஞ்சில். யாரும் யாரோடும் பேச முடியாது. காதருகே கத்துவார்கள், புரியாமலே சிரிக்க வேண்டும். பெண்கள் கழிவறையில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். முன்பின் தெரியாதவர்கள் அவளுக்கு டிஷ்யூ கொடுத்து முடியைக் கோதிவிட்டார்கள். அது பிடித்தது. ஆடவும் பிடித்தது. என்னை யாரும் பார்க்காதது எல்லாவற்றையும் விடப் பிடித்தது. எங்கள் ஊர் பத்தாங்கில் கடைக்குப் போனாலே இன்னார் மகள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இதெல்லாம் பிறகு. முதலில் வாசல். அதை எழுதத்தான் நோட்டை எடுத்தேன், எதை எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரிசையின் முடிவில் பவுன்சர். கறுப்புச் சட்டை, காதில் ஒயர். கிட்டே போன பிறகுதான் முகம் தெரிந்தது. சேகர் மாமா. அம்மாவின் தம்பி. கோலாலம்பூரில் பெரிய ஹோட்டலில் நைட் சூப்பர்வைசர் என்று வீடே நம்பும் மாமா.

அவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. பிறகு மெல்ல, "என்னா பாப்பா, யாரோட வந்த? திரும்பிப் போவ வண்டி இருக்கா?"

அவ்வளவுதான். திட்டவில்லை, முறைக்கவில்லை.

டேனியல், "ஏய், அங்கிள் உன் சொந்தக்காரரா?" என்றான்.

நான், ஆங்கிலத்தில், ஆபீஸ் குரலில்: "இண்டியன் என்றால் எல்லாரும் எனக்குச் சொந்தமா? இந்த ஆள் யாரென்றே தெரியாது." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். "சாரி, மிஸ். ஐசி பிளீஸ்."

டார்ச் அடித்து, அடையாள அட்டையில் என் பெயரையும் அப்பா பெயரையும் முதல் முறை பார்ப்பவர்போல் படித்தார். கையை நீட்டச் சொல்லி முத்திரை குத்தினார். வாசல் கயிற்றை எடுத்து வழிவிட்டார். "என்ஜாய், மிஸ்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பத்தாங், வீடு. நல்ல வெயில். நான் நீளக்கை.

"புழுங்கிச் சாவுறோம், எதுக்குடி இது?" அம்மா.

"ஆபீஸ் ஏர்கோன் பழக்கம்மா." எவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது.

அடுத்த ஞாயிறு தங்கை தர்ஷினிக்குச் சடங்கு. வாங்க வேண்டியவை: மஞ்சள், வெற்றிலை, வாழை இலை, புட்டு மாவு, நல்லெண்ணெய், அவளுக்கு வளையல் (கண்ணாடி, பச்சை). அவளுக்குச் சடங்கில் அக்கறை இல்லை. மாமா என்ன போன் வாங்கித் தருவார் என்பதே பேச்சு. "மாமா என்னைய குட்டின்னு கூப்புடுறத நிறுத்தச் சொல்லுக்கா. ஒன்னைய மட்டும் பாப்பாங்குறாரு, அது பரவால்ல." நான் எழுந்து துணி எடுக்கப் போய்விட்டேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. "சேகரு நேத்துலேர்ந்து போன் எடுக்கல. தாய்மாமன் வந்து மொதத் தண்ணி ஊத்தாம எப்புடிச் சடங்கு? ஹோட்டல்ல வேல ஜாஸ்தி போல."

என் சடங்குக்கு மாமாவே தென்னை ஓலை வெட்டிவந்து குடிசை கட்டினார். கோணல்மாணலாக. நான் உள்ளே இருக்கும்போதே ஒரு பக்கம் சரிந்தது. விடியவிடிய ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார்.

அவர் கிளப் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டால் நானும் அவர் வேலையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆபீஸ். பிரிண்டர் மறுபடி கோளாறு. மதியம் நாசி லெமாக், பாதிதான் இறங்கியது.

மே.லி. சொன்னாள்: "அந்த பவுன்சர் அங்கிள் ரொம்ப நல்லவர். திரும்பும்போது போதையில் உன்னால் நேராக நிற்கக்கூட முடியவில்லை. அவர்தான் வண்டியை நிறுத்தினார். நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார். உன்னைத்தான் முதலில் இறக்கிவிட வேண்டும் என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னார்."

எனக்கு இது எதுவும் நினைவில்லை.

"அவர் என் மாமா" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "ஓ, அப்படியா" என்றேன்.

வாட்ஸ்அப்பில் "மாமா சாரி" என்று அடித்து அழித்தேன். மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "மாமா சண்டே வர்றீங்கதானே? அம்மா கேட்டாங்க." அம்மா கேட்டார்களாம். கோழை.

நீல டிக். பதில் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

பதில் இல்லை. முத்திரை மங்கிவிட்டது, மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்கு இடம் தெரியும்.

ஆகஸ்ட் 30, சனி

வீடு. தெருவில் கூடாரம் போட்டாயிற்று. நாற்காலிகளில் பாதி ஆட்டம். நாளைக்குச் சுதந்திர தினம் வேறு, பக்கத்து வீட்டு மலாய் அக்கா எங்கள் வேலியிலும் ஒரு கொடி கட்டிவிட்டுப் போனார்.

மாமா அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். வருகிறாராம். மாவு டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஓங்கிட்ட பேசினானா?"

"இல்லம்மா."

"நல்லாத்தான் பேசினான். ஒன்னைப் பத்தித்தான் ஒண்ணும் கேக்கல. எப்பவும் பாப்பா எப்புடி இருக்கான்னுதான் ஆரம்பிப்பான்." பிறகு, தேங்காய் துருவிக்கொண்டே: "எனக்கு அடுப்படியே சரியா இருக்கும். மாமன் சீரு வர்றப்ப நீதான் வாசல்ல ஆலாத்தி எடுக்கணும். நீ பொட்டு வச்சு, வாங்க மாமான்னு கூப்புட்டாத்தான் அவன் காலெடுத்து வைக்கணும். வாய்க்குள்ள முணுமுணுக்காத, நாலு பேருக்குக் கேக்கணும்."

தூக்கம் இல்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஸ்டோர் அறையில் எழுதுகிறேன். வெளியே இன்னும் சாப்பாடு நடக்கிறது.

வந்தார். பட்டுச் சட்டை, வேட்டி. பின்னால் அத்தை, தட்டுகள் ஏந்திய கூட்டம். கேட்டுக்கு வெளியே நின்றார். இரண்டு கையிலும் பெரிய தட்டு, தர்ஷினியின் புடவை. நான் உள்பக்கம், ஆலாத்தித் தட்டோடு. இப்போது வாசல் என்னுடையது.

ஆலாத்தித் தண்ணீர் தளும்பி அவர் வேட்டியில் சிந்தியது. அவர் கவனிக்காததுபோல் நின்றார். பொட்டு வைக்க எட்டவில்லை. குனிந்து கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

"கூப்புடு பாப்பா, தட்டு கனக்குதுல்ல," பின்னாலிருந்து அத்தை.

"வாங்க மாமா!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கூடாரமே திரும்பிப் பார்த்தது. யாரோ "மைக்கே வேணாம் லா" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னைத் தாண்டும்போது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "தேங்க்யூ, மிஸ்."

பிறகு தண்ணீர் ஊற்றும் சடங்கு. எல்லாரும் சுற்றி நின்றோம். மாமா முதல் செம்பை எடுத்தார், தர்ஷினி தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"குளிருதா, பாப்பா?" என்று அவளிடம் கேட்டார்.