தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம்

ஜூலை 4

நன்கொடையாக வந்த புரொஜெக்டர்களில் ஒன்றுகூட எரியவில்லை. ஓடாததைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அறக்கட்டளையில் டெக்னீஷியன் நான் ஒருவன்தான். குப்பையெல்லாம் என் மேசைக்கு.

"டிப்ளமோ படிச்சிட்டு ஓட்டை உடைசலோட மல்லுக்கட்டறியே, உனக்கு யாருடா பொண்ணு குடுப்பா?" என்கிறாள் அம்மா.

"முதல்ல ஸ்பேர் பார்ட்ஸ் குடுக்கட்டும்."

ஜூலை 7

கிடங்குப் பள்ளியிலிருந்து செய்தி. பழைய சரக்குக் கிடங்கில் நடப்பதால் எங்களுக்கு அது கிடங்குப் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்புக்கு ஆள் இல்லாததால் ஒரு டீச்சரை நாங்கள்தான் சம்பளம் கொடுத்து அமர்த்தியிருக்கிறோம். அவர் செயலாளருக்கு அனுப்பியிருந்தது இவ்வளவுதான்: "பிள்ளைங்க கேக்கல சார். ஏதாவது பண்ணுங்க."

"பாத்தியா, பசங்க அடங்க மாட்டேங்கறாங்க. நல்ல பேச்சாளரா ஒருத்தரை அனுப்புவோம்" என்றார் செயலாளர். ரிடையரான பேங்க் மேனேஜர். நல்ல மனுஷன்தான். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு சிறப்பு விருந்தினர் உண்டு.

ஜூலை 11

பேச்சாளருக்கு மைக் செட் போடப் போயிருந்தேன். பெரியவர்கள் சொல் கேளுங்கள், கேளுங்கள் என்று ஒரு மணி நேரம் கத்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவ்வளவு சமர்த்து.

ஒயரைச் சுருட்டும்போது டீச்சர் பக்கத்தில் வந்தார். ரகசியம் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். ரகசியம் இல்லை, குரலே அவ்வளவுதான்.

"பிள்ளைங்க சொல் பேச்சு கேக்கலைன்னா சொன்னேன்? என் குரல் அவங்களுக்குக் கேக்கல தம்பி. தொண்டையில வீக்கம். ரெண்டு மாசம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்ப லீவ் போடுங்க."

"வகுப்பெடுக்கலைன்னா சம்பளம் இல்லைன்னு உங்க ஆபீஸ்லதானே விதி? வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்."

பிறகு, நான் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்த மைக்கைக் காட்டினார். "இதைத்தான் கேட்டேன்."

யாராவது ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால், அந்தக் குரலின் நிலை எங்களுக்கே கேட்டிருக்கும். யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஜூலை 15

செத்த புரொஜெக்டர்களிலிருந்து ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டேன். செயலாளரிடம் சொல்லவில்லை. காலரில் குத்துகிற சின்ன மைக், இடுப்பில் மாட்டுகிற ஆம்ப்ளிஃபயர், சுவரில் இரண்டு ஸ்பீக்கர். சின்ன வேலை. இதற்குப் போய் ஒரு பேச்சாளர்!

ஜூலை 18

வேலை செய்கிறது! கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடி, வீட்டில் பேசுவதுபோல "உக்காருங்கப்பா" என்றார் டீச்சர். கடைசி வரிசை உட்கார்ந்தது. அங்கிருந்து ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க குரல் இப்படியா இருக்கும்?" என்றது. ஜூனிலிருந்து இவரிடம்தான் படிக்கிறதாம்.

டீச்சர் சிரித்தார். சிரிப்பும் ஸ்பீக்கரில் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஜூலை 22

நாலாம் வகுப்பு சார் போன் செய்தார்.

"தம்பி, உங்க மிஷின் எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்துது. எட்டேழு எவ்வளவுடான்னா, எரிமலைங்கறான்."

சிரித்துவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், அவர் போனிலேயே கத்திக்கொண்டிருந்தார். கத்திக் கத்தி அதுவே பழக்கமாகிவிட்டது போல.

நேரில் போய்ப் பார்த்தேன். ஒரே நீளக் கூடத்தில் மூன்று, நாலு, ஐந்து என மூன்று வகுப்பு. நடுவில் தோளுயரத் தடுப்புப் பலகை. மேலே தகரம். ஐந்தாம் வகுப்பில் நின்று மட்டும்தான் அன்றைக்கு டெஸ்ட் செய்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் போய் நிற்க எனக்குத் தோன்றவே இல்லை. என்னடா டெக்னீஷியன் நீ?

ஜூலை 25

மூன்று பேருக்கும் மைக் கொடுத்தேன். தகரம் அதிர்ந்தது. ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் வாசலுக்கு வந்து காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தன. புதிதாகப் போட்ட இரண்டையும் கழற்றிவிட்டேன்.

ஜூலை 29

செயலாளரிடம் நேராகவே கேட்டேன். கூரை வரைக்கும் ரெண்டு சுவர். வேறு வழியே இல்லை.

"அது அரசாங்கக் கட்டடம்ப்பா. நாம ஆணிகூட அடிக்க முடியாது."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டா மட்டும்? கம்ப்யூட்டர்னா குடுக்கறவங்க இருக்காங்க. சுவருக்கு யாரு ரிப்பன் வெட்டுவா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். டீ வந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

நானே ஒரு வழி சொன்னேன். டீச்சர் பேசும் நேரத்தில் மற்ற இரண்டு வகுப்பும் எழுத்து வேலை. பிறகு அவர்கள் பேச, இவர் பிள்ளைகள் எழுதட்டும். சில நாள் அழகாக ஓடியது. சரிப்பட்டுவிட்டது என்றே நம்பினேன்.

மூன்றாம் வகுப்பில் பாதிக்கு எழுத்து கூட்டிப் படிக்கவே வராதாம். எதைப் பார்த்து எழுதும்? சும்மா இருக்க முடியாமல் கூச்சல் போட்டன. அதை அடக்க அந்த டீச்சர் கத்த, அதற்கு மேல் நாலாம் வகுப்பு சார் கத்த... பழைய கதை.

ஆகஸ்ட் 13

ஐந்தாம் வகுப்பு டீச்சர் மைக் இல்லாமல் வகுப்பெடுக்கிறார்.

"யாரு கழட்டச் சொன்னா?"

"நானேதான் தம்பி. நேத்து நாலாம் வகுப்பு சார் தண்ணி குடிச்சாரு, முழுங்க முடியாம துப்பிட்டாரு. என் தொண்டைக்கு அவர் தொண்டையா?"

"உங்க தொண்டை போயிடுமே!"

தோளைக் குலுக்கினார். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, சனியன், அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஆகஸ்ட் 24

டீச்சருக்குக் குரல் போய்விட்டது. ஒரு சொல்கூட வரவில்லை.

செயலாளரிடம் கத்தினேன். "ரெண்டு மாசம் சம்பளத்தோட லீவ் குடுங்க சார். விதி நாம எழுதினதுதானே?"

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கப்பா."

"கேக்கட்டுமே சார்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாராட்டு விழா நடத்தலாம், கேடயம் ஒன்று கொடுக்கலாம் என்றார். கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 30

டீச்சருக்குத் துணிக்கடை ஒன்றில் மடித்து அடுக்கும் வேலை. போனில் செய்தி அனுப்பியிருக்கிறார்: "இங்கே பேச வேண்டாம் தம்பி. நிம்மதி."

நிம்மதியாம்.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கலை என்றேன். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

செப்டம்பர் 5

ஐந்தாம் வகுப்புக்குப் புது ஆள் எடுக்க நேர்காணல். அலுவலகத்தில் வேண்டாம், கிடங்குப் பள்ளியிலேயே வைப்போம் என்றார் செயலாளர். பட்டுத் தெரிந்துகொண்டாராம். என்னைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். "சவுண்ட் உன் டிபார்ட்மெண்ட். நீ கை தூக்கினாத்தான் வேலை."

முதலில் வந்த இருவரின் குரலும் என் வரைக்கும் எட்டவில்லை. மூன்றாவதாக வந்தது சின்னப் பெண், இப்போதுதான் படிப்பை முடித்தவள். பக்கத்து வகுப்புகள் இரண்டும் இரைந்துகொண்டிருந்தன. அவள் எரிமலையைப் பற்றிச் சொன்னாள். மணி அடித்த மாதிரி குரல். தகரம் வரைக்கும் போய்த் திரும்பியது.

"கேக்குதா சார்?" என்றாள், என்னைப் பார்த்து. முகத்தில் அவ்வளவு ஆசை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்கு வேலை இல்லை, பிள்ளைகளுக்கு டீச்சர் இல்லை.

கை தூக்கினேன்.