தாகம் எடுத்தால் மட்டும்

12 ஜூன் 2008, வியாழன்
முதுகெலும்பு ஆபரேஷன் வரும் செவ்வாய். எட்டு மணி நேரம் ஆகுமாம். முதுகைவிடத் தண்ணீர்தான் எனக்குக் கவலை. மூளைக்கடியில் இருக்கும் சுரப்பி, நான் கல்லூரியில் படிக்கும்போதே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. மூக்கில் சொட்டுமருந்து போடாவிட்டால் குடித்ததெல்லாம் சிறுநீராகப் போய்விடும். குடிக்காவிட்டால் உடம்பு காய்ந்துவிடும். தாம்பரத்திலிருந்து பீச் வரை எந்த ஸ்டேஷனில் கழிப்பறையைப் பூட்டி வைத்திருப்பார்கள் என்று என்னைக் கேட்கலாம்.

கல்யாணமான நாளிலிருந்து என் பாட்டில் காலியாகாமல் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் லாசரஸின் வேலை. "செம்பாக்கம் ஏரி இவளுக்கு ஒரு வாரம் தாங்காது" என்பார். ஆனால் நான் கேட்குமுன் பாட்டில் நிறைந்திருக்கும்.

16 ஜூன், திங்கள்
அட்மிட் ஆயாச்சு. மயக்க மருந்து டாக்டர் அபிதகுஜாம்பாள் வந்தார். கறாரான அம்மா.

"தபீதாள், ஆபரேஷன்ல உங்களுக்குத் தாகம் எடுத்தாலும் சொல்ல முடியாது. உங்களுக்குப் பதிலா நாங்கதான் பாக்கணும். யூரின் எவ்ளோ போகுதுன்னு மணிக்கு மணி அளப்போம், ரத்தத்துல சோடியம், அதான் உப்பு, எவ்ளோன்னு பாப்போம். அதுக்கேத்த மாதிரி டிரிப்ஸ், மருந்து."

"அவ வாய் காயுமே, டாக்டர்?" என்றார் லாசரஸ். அந்த அம்மா சிரிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை.

20 ஜூன், வெள்ளி
பிழைத்தேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நடுவில் சிறுநீர் கொட்டித் தீர்த்ததாம். சோடியம் ஏற ஆரம்பித்ததும் ஹார்மோன் ஊசி போட்டுப் பிடித்து நிறுத்தினார்களாம். என் தாகத்தை எனக்காக வேறொருத்தி எட்டு மணி நேரம் சுமந்திருக்கிறாள்!

"இப்ப மருந்து வேலை செய்யுது. குடிச்ச தண்ணி சீக்கிரம் வெளிய போகாது. தாகம் எடுத்தா மட்டும் குடிங்க" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். லாசரஸும்தான்.

22 ஜூன், ஞாயிறு
தலைவலி. வாந்தி. எழுத்து கோணுகிறது.

25 ஜூன், புதன்
முந்தாநாள் லாசரஸைப் பார்த்து, "யார் சார் நீங்க?" என்று கேட்டேனாம். அப்புறம் வலிப்பு வந்ததாம். ஐ.சி.யூ. எதுவும் நினைவில்லை.

சோடியம் கிடுகிடுவென்று இறங்கியிருக்கிறது. டிரிப்ஸில் தப்பில்லை. என் உதடு காய்ந்தபோதெல்லாம் இவர் டம்ளரை நீட்டியிருக்கிறார். நானும் குடித்திருக்கிறேன் — தாகமே இல்லாமல். அவர் நீட்டினால் வாங்கித்தானே பழக்கம்? குடித்த தண்ணீரையெல்லாம் மருந்து உள்ளேயே பிடித்து வைத்ததில் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய்விட்டது.

டாக்டர் வார்டே கேட்கும்படி சொன்னாராம்: "எட்டு மணி நேர ஆபரேஷனைச் சமாளிச்சேன், சார். உங்க பாசத்தைச் சமாளிக்க முடியல."

மனுஷன் வராந்தாவில் நின்று அழுதாராம். எனக்குக் கோபம் வரணுமே? வரலையே! இத்தனை வருஷமா அந்த ஆளு என்னைக் காப்பாத்துனதே அந்தத் தண்ணியாலதானே... யாரைப் போய்த் திட்டுறது?

9 ஜூலை, புதன்
வீடு வந்து சேர்ந்தோம். சோடியம் சரியாகிவிட்டது. முதுகுக்குப் பெல்ட்.

மத்தியானம் பாட்டில் காலியாகக் கிடந்தது. லாசரஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. கடைசியில், "தாகமா இருக்கா?" என்றார்.

கல்யாணமான நாளாக இதை அவர் கேட்டதே இல்லை. பாட்டிலை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டு, யோசித்துப் பார்த்தேன்.

"இல்லீங்க. எடுத்தா சொல்றேன்."

"சரி" என்று பக்கத்தைத் திருப்பினார்.