ஏழாகப் பிரித்த நோயின் பெயர்

அக்கா,

டிரங்குப் பெட்டியில் பழைய சட்டைகளைத் தேடும்போது அந்த ஆஸ்பத்திரிச் சீட்டு அகப்பட்டது. ஆங்-கி-லோ-ஸ்ட-மை-அ-சிஸ். அந்த ஆங்கிலப் பெயருக்கு நடுவே நான் பென்சிலால் கிழித்த கோடுகள் இன்னும் அழியவில்லை.

பெரியவனுக்கு அப்போது மூன்று வயது. முகம் வெளுத்து, மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தான். என் கணவர் ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. நீங்கள் பால்மரம் வெட்டுகிறவர்களின் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்டவர். "கிராணியம்மா, இது சும்மா சோகையில்ல. டவுனுக்குக் கொண்டு போவோம்" என்று சுங்கை ஊடாங்கில் என்னோடு பஸ் ஏறினீர்கள். அன்றைக்கு உங்களை அக்கா என்று அழைக்க எனக்குத் தோன்றவில்லை. எல்லாரையும் போல ஆயா என்றேன்.

சோதனை முடிந்து சீட்டு கைக்கு வந்தது. டாக்டர் கூப்பிடும்வரை பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெயரை ஏழாகப் பிரித்தேன். 'மை'யில்தான் அழுத்தம் விழ வேண்டும் என்று உங்களுக்கு வேறு சொல்லிக் காட்டினேன்.

"ரயிலு மாதிரி போய்க்கிட்டே இருக்கே! நம்ம புள்ள எந்தப் பெட்டியிலம்மா இருக்கான்?" என்றீர்கள்.

உள்ளே போய்த் தடுமாறாமல் சொன்னேன். யாழ்ப்பாணத்து டாக்டர் நிமிர்ந்து பார்த்து, எந்தக் கல்லூரி என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். மதராஸ் என்றேன். மருந்தைக் கொடுத்து, மற்றதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்றார். தலையாட்டிவிட்டு எழுந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லூரியில் நான் படித்தது சரித்திரம்.

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த நீங்கள் நகரவில்லை. "என்ன சீக்காம்?"

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் ஆயா."

"டாக்டரு இங்கல்ல இருக்காரு?" என்று அவர் பக்கமே திரும்பினீர்கள். "ஐயா, எங்களுக்குப் புரியல. புள்ளைக்கு என்ன செய்யுது? எதைக் குடுக்கணும், எதைக் குடுக்கக் கூடாது?"

அவர் பேனாவை வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார். கொக்கிப் புழு. வெறுங்காலோடு ஈர மண்ணை மிதிக்கும்போது தோல் வழியாக ஏறுவது. "மருந்து குடுக்கிற அண்டைக்கு எண்ணெய், நெய் ஒண்டும் ஆகாது. விளக்கெண்ணெய் குடுத்துப் போடாதேங்கோ, மருந்து விஷமாப் போகும். பேதிக்கு நான் உப்பு தாறன்."

எந்த மருந்து கொடுத்தாலும் அன்று மாலையே விளக்கெண்ணெய் புகட்டுவது என் பிறந்த வீட்டு வழக்கம். புட்டியை எடுத்து வைத்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தேன்.

பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். நீங்கள் குத்திக்காட்டவில்லை. பாச்சாங் தாண்டியதும், "பேரு நல்லாத்தான் சொன்னீங்க" என்றீர்கள். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் இப்போது காலில் சப்பாத்து போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். போன மழைக்காலத்தில் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். ஒரு தடவையாவது அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம்.

நேற்று சின்னவளின் காய்ச்சலுக்கு டாக்டர் வேறொரு நீளமான பெயரைச் சொன்னார். பிசகாமல் திருப்பிச் சொல்ல நாக்கு துடித்தது. "எனக்குப் புரியவில்லை" என்றேன். வெட்கம் இன்னும் போகவில்லை, அக்கா. ஆனாலும் எது கூடாது என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்ட பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.